கொல்லைப்புறக் குளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாகக் குளம் அமைக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் மனதில் வைத்து எழுதியவை. கணக்குகள் எளிதாக இருக்க 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள குளத்தையே கடைசிவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1. எங்க கொல்லை ரொம்பச் சின்னது. குளம் வெட்ட குறைஞ்சது எவ்வளவு இடம் வேணும்?

அல்லி மட்டும் போதும் என்றால் 3 அடி விட்டமுள்ள சிமெண்டுத் தொட்டியே போதும். ஆனால் மீன், செடி, தவளை எல்லாம் சேர்ந்து தானாக ஓடும் குளம் வேண்டுமானால் 8 அடிக்கு 5 அடியாவது இருப்பது நல்லது. தண்ணீர் குறைவாக இருந்தால் மதிய வெயிலில் சட்டென்று சூடாகும், இரவில் சட்டென்று ஆறும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்கிறது. உதாரணக் குளம் 120 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 3,400 லிட்டர். உள்ளே படி வைப்பதால் குறைவது போக 3,000 லிட்டர் நிற்கும். ஒரு வீட்டுக்கு இது நல்ல அளவு.

2. எந்த இடத்துல தோண்டலாம்? வாஸ்துப்படி ஈசான மூலையிலதான் தண்ணி இருக்கணும்னு வீட்டுல சொல்றாங்க.

வெயிலைப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அல்லி பூக்க நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் நேர்வெயில் வேண்டும், தாமரைக்கு 6 மணி நேரத்துக்கு மேல். அதுவும் காலை வெயிலாக இருந்தால் உத்தமம். மேற்கு வெயில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். வடகிழக்கு மூலையில் காலை வெயில் நேராக விழும், பிற்பகலில் வீட்டின் நிழல் காப்பாற்றும். ஆகவே பெரும்பாலான மனைகளில் ஈசான மூலை குளத்துக்குப் பொருத்தமாகவே அமையும். அங்கே பக்கத்து வீட்டு மாடி காலை வெயிலை மறைக்கிறதென்றால் வேறு இடம் பாருங்கள்.

வேப்பமரம், புளியமரம், முருங்கை இவற்றின் அடியில் வேண்டாம். இலை விழுந்து அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். ஆல், அரசு வகை மரங்களின் வேர் எந்தக் கட்டுமானத்தையும் பிளக்கும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலும் தோண்டாதீர்கள். மழைத் தண்ணீர் ஓடிச் சேரும் தாழ்வான இடமும் ஆகாது. உரமும் மருந்தும் சேறும் அங்கேதான் வந்து இறங்கும்.

3. எந்த மாசத்துல ஆரம்பிக்கலாம்? லீவு போட்டு ஒரே வாரத்துல முடிச்சிடலாமா?

குழியை ஒரே வாரத்தில் வெட்டிவிடலாம். குளம் உருவாகக் குறைந்தது ஒரு வருடம் ஆகும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை. எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை, தண்ணீர் விட்ட மறுநாளே மீன் விட்டதால் வந்தவை.

தை, மாசியில் தோண்டுங்கள். மழை நின்று மண் வெட்டப் பதமாக இருக்கும், நிலத்தடி நீரும் இறங்கத் தொடங்கியிருக்கும். தண்ணீர் கசியாமல் இருக்கக் குழிக்குள் ஷீட் விரித்து, தண்ணீர் நிரப்பி இரண்டு வாரம் சும்மா விடுங்கள். பங்குனி, சித்திரையில் நீர்ச்செடிகளை இறக்குங்கள், வெயிலில் வேகமாக வேர் பிடிக்கும். செடி வைத்து ஐந்தாறு வாரம் கழித்து முதல் மீன்கள். ஆடிப்பட்டத்தில் கரைச் செடிகளை நட்டால் ஐப்பசி மழைக்குள் வேரோடிக் கரையைப் பிடித்துக்கொள்ளும். கல் பதிப்பது, நடைபாதை, விளக்கு எல்லாம் முதல் மழைக்காலம் முடிந்தபிறகு. எந்தப் பக்கம் மண் சரிகிறது, எங்கே தண்ணீர் வழிகிறது என்று அந்த ஒரு மழைக்காலம் காட்டிக் கொடுத்துவிடும்.

4. சிமெண்டா, ஷீட்டா? எதுதான் நிக்கும்?

உங்கள் மண்ணைப் பொறுத்தது. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அதில் சாதாரணமாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி விரிசல் விடும், வளைந்து கொடுக்கும் ஷீட்டே சரி. செம்மண்ணிலும் சரளையிலும் இரண்டும் நிற்கும். மணல் பாங்கான கடலோரத்தில் குழியின் சுவர் சரியும் என்பதால் பக்கங்களைச் சாய்வாக வெட்டி ஷீட் போட வேண்டும்.

ஷீட்டில் பலரும் வாங்குவது சில்பாலின் என்ற தார்ப்பாய் வகை பிளாஸ்டிக் ஷீட். 250 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை என்ற கணக்கு) குறைவாக வாங்காதீர்கள். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் கிடைத்தால் இன்னும் நல்லது. இபிடிஎம் ரப்பர் ஷீட் எல்லாவற்றிலும் நீடித்து உழைக்கும், விலையும் அதிகம். எந்த ஷீட்டுக்கும் முதல் எதிரி நேர்வெயில்தான். தண்ணீருக்கு வெளியே தெரியும் ஓரத்தை மூடுவது எப்படி என்று 14-வது கேள்வியில் சொல்கிறேன்.

சிமெண்டில் கட்டினால் புதுத் தொட்டியில் சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் கடுங்காரமாகிவிடும், மீன் பிழைக்காது. தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்து இறைத்துவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பார்கள், நீங்களும் செய்யலாம். கடைசியில், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 8.5-க்குக் கீழே வந்தபிறகுதான் உயிர் எதையும் விட வேண்டும்.

5. ஷீட் எவ்வளவு வாங்கணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கைக் கூட்டுங்கள். அதோடு இரண்டு பக்கக் கரைக்கும் தலா ஓர் அடி. நம் உதாரணத்தில் 10 + 4 + 2 = 16 அடி. அகலத்துக்கும் அதேபோல் 6 + 4 + 2 = 12 அடி. ஆக 16-க்கு 12 அடி ஷீட். குழியை வெட்டி முடித்தபிறகு மறுபடி அளந்துவிட்டு வாங்குங்கள். கடப்பாரை போன பக்கமெல்லாம் அளவு மாறியிருக்கும்.

6. குழி வெட்டும்போது எதெல்லாம் கவனிக்கணும்?

முதலில் மேல்மண். முதல் அரை அடியைத் தனியாகக் குவித்து வையுங்கள், கரைச் செடிகளுக்கு அதுதான் சோறு. அடியிலிருந்து வரும் மண்ணை வடக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ மேடாகப் போட்டால் பின்னால் அழகான சரிவு கிடைக்கும்.

உள்ளே சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்கு, மேலிருந்து 8 முதல் 10 அங்குல ஆழத்தில், ஒரு படி விடுங்கள். ஓரச் செடிகளின் தொட்டிகள் அதில் உட்காரும். நடுவில் 2 அடி ஆழத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் படுத்த சரிவாக வெட்டிக் கூழாங்கல் பரப்புங்கள். அணில், ஓணான், தவளைக்குஞ்சு எது விழுந்தாலும் அந்த வழியாக ஏறிவிடும். தேனீயும் குருவியும் தண்ணீர் குடிக்க அங்கேதான் வரும்.

விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இதில் ஓர் அங்குலம் பிசகினாலும் ஒரு பக்கம் தண்ணீர் வழியும், மறுபக்கம் ஷீட் பல்லிளிக்கும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் எட்டு இடத்திலாவது பாருங்கள். ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல இதற்கும் உபரி நீர் போக ஒரு வழி வேண்டும். விளிம்புக்கு 2 அங்குலம் கீழே 2 அங்குலக் குழாய் பதித்து, வாய்க்கு வலை கட்டி, வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள்.

ஷீட் விரிக்குமுன் கல், வேர், பானை ஓடு எல்லாம் பொறுக்கிவிட்டு 2 அங்குலம் சலித்த மணல், அதன்மேல் பழைய சாக்கு. வெறும் மண்ணின்மேல் ஷீட் போடவே போடாதீர்கள்.

7. ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. பயமா இருக்கே?

பயப்படுவது சரிதான். தவழும், தத்தி நடக்கும் குழந்தை சில அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். சத்தமே வராது. குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆகும்வரை காத்திருக்கச் சொல்வேன். காத்திருக்க முடியாதென்றால் 4 அடி உயர வேலியும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவும் போடுங்கள். அத்துடன் தண்ணீருக்கு ஓர் அங்குலம் கீழே, குழந்தையின் எடை தாங்கும் இரும்புக் கம்பி வலைச் சட்டமும் பொருத்துங்கள். செடி அதன் ஊடாக வளர்ந்துவிடும், சில மாதத்தில் வலை கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்பதைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம்.

8. போர் தண்ணி விடலாமா? கார்ப்பரேஷன் தண்ணியில மருந்து இருக்குமே?

முதலிடம் மழைத் தண்ணீருக்கு. அடுத்தது கிணற்று நீர். போர் தண்ணீர் ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜன் இல்லாமல் வரும். பீச்சியடித்தோ உயரத்திலிருந்து விழவிட்டோ நிரப்பி, இரண்டு மூன்று நாள் வையுங்கள். உப்பு அதிகமென்றால் கல்லில் வெள்ளைப் படிவு வரும், அல்லி இலை ஓரம் கருகும். அப்படிப்பட்ட ஊரில் பாதியாவது மழை நீர் கலக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் திறந்த இடத்தில் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். முதல்முறை நிரப்பும்போது கவலையில்லை, எப்படியும் இரண்டு வாரம் சும்மா விடத்தானே போகிறீர்கள். மீன் இருக்கும் குளத்துக்கு நேராகக் குழாயைத் திறந்துவிடுவதுதான் ஆபத்து. ஒரு டிரம்மில் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள்.

9. குடிக்கவே லாரித் தண்ணி வாங்குற ஊர்ல குளம் வெக்கிறது தப்பில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். கணக்கைப் பார்ப்போம். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாகும். 60 சதுர அடிக் குளத்தில் 6 மில்லிமீட்டர் என்பது சுமார் 33 லிட்டர், அதாவது இரண்டு வாளி. இலை பாதிப் பரப்பை மூடியிருந்து காற்றும் தடுக்கப்பட்டால் இன்னும் குறையும்.

1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் சேரும். நான்கு சென்டிமீட்டர் மழை நம் குளத்தை நிரப்பிவிடும். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், பல வீடுகளில் குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதில் ஒரு கிளையைக் குளத்துக்குத் திருப்புங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். லாரித் தண்ணீர் வாங்கித்தான் நிரப்ப வேண்டும் என்றால் அந்த வருடம் வேண்டாம், ஐப்பசிக்குக் காத்திருங்கள்.

10. தேங்குற தண்ணியில கொசு வராதா? டெங்கு வந்துடும்னு பக்கத்து வீட்டுல சண்டை.

உயிரில்லாத தேங்கிய தண்ணீரில் கொசு வரும். மீனும் தட்டான் பூச்சியும் உள்ள குளத்தில் முட்டையிட்டாலும் புழு பிழைக்காது. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் மீன் தின்றுவிடும். தட்டானின் இளம்புழுக்கள் தண்ணீருக்குள்ளேயே வளர்பவை, அவையும் கொசுப்புழுவைத் தின்னும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம் குளம் அல்ல, சின்னப் பாத்திரங்கள். குளத்தோரம் கவிழ்க்காமல் விட்ட பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, மீன் இல்லாத அல்லித் தொட்டி, கல் இடுக்கில் நிற்கும் தண்ணீர் இவைதான் ஆபத்து. அதன் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மீன் விடுவதற்கு முந்தைய அந்த ஏழெட்டு வாரம்தான் இடைவெளி. அப்போது பிடிஐ எனப்படும் நுண்ணுயிர் மருந்தைப் போடுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும், மீன், தவளை, செடி எதையும் தொடாது. மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் காட்டுங்கள். புழு நெளியவில்லை என்று கண்ணால் பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

11. என்ன மீன் விடலாம்? கோய் மீன் விடணும்னு ஆசை.

தொடக்கத்துக்குக் கப்பி பத்துப் பதினைந்து. கொசுப்புழுவை ஒழிக்க அது போதும், தானே பெருகும். உள்ளூர் மீன் கிடைத்தால் இன்னும் நல்லது. வயல் வாய்க்காலில் நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும், உச்சந்தலையில் வெள்ளிப்புள்ளி மின்னும் சின்ன மீனைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சாக்ஸ் என்பார்கள். கொசுப்புழு பிடிப்பதில் கெட்டிக்காரன், நம் மண்ணுக்கே உரியது.

கோய் என்பது 2 அடிக்கு வளரும் வண்ணக் கெண்டை மீன். அதற்கு 3 அடிக்கு மேல் ஆழமும் நல்ல ஃபில்டரும் வேண்டும். அல்லித் தொட்டியைக் கிளறி மண்ணை வெளியே தள்ளும். கோய் வேண்டுமானால் அதற்கென்று தனிக் குளம். ஜிலேபியை விடாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது, கண்ட இடமெல்லாம் பெருகி மற்ற மீனை விரட்டிவிடும். ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் விற்கும் முள்மீனும் வேண்டாம்.

எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை 3-வது கேள்வியில் சொன்னேன். காரணம் இதுதான்: மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஷீட்டிலும் வேரிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் கொஞ்சம் மீன், ஒரு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுங்கள்.

12. தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. மொத்தமா மாத்திடட்டுமா?

மாற்றாதீர்கள். புதுத் தண்ணீர் விட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி பச்சையாகும், பாக்டீரியாவும் போய்விடும். புதுக் குளம் எல்லாமே முதல் கோடையில் பச்சையாகத்தான் செய்யும். சத்தும் வெளிச்சமும் மிதமிஞ்சி இருக்கிறது, அதைச் சாப்பிடப் பெரிய செடிகள் இன்னும் வளரவில்லை என்று அர்த்தம்.

நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடட்டும். வேலம்பாசி போன்ற நீருக்குள் வளரும் செடிகளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். மீனுக்குத் தீனியை நிறுத்துங்கள், கப்பி தானே தேடித் தின்னும். சில வாரத்தில் தண்ணீர் தெளியும். நூல்நூலாக வரும் பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்து உரக்குழியில் போடலாம். மயில்துத்தம் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பாசியோடு மீனும் நத்தையும் போகும். மெல்லிய பச்சைச் சாயல் இருப்பது நோய் அல்ல. நல்ல குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியதில்லை.

13. அல்லி இலையா விடுது, பூக்கவே மாட்டேங்குது. தாமரையும் அப்படித்தான்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக நம் ஊரில் உள்ள சில அல்லிகள் இரவில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிவிடும். வேலைக்குப் போய் மாலையில் வருபவர்கள் பூவைப் பார்க்காமலே இருந்துவிடுவார்கள். பகலில் விரிவது வேண்டுமென்றால் நீல அல்லி வாங்குங்கள்.

பூவே இல்லையென்றால் வெயில் போதவில்லை, அல்லது மண் தீர்ந்துவிட்டது. அல்லிக்கு ஓர் அடி அகலத் தொட்டி, தாமரைக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி அகலமுள்ள, அடியில் ஓட்டையில்லாத வட்டத் தொட்டி. மண் கனமான வயல் களிமண்ணாக இருக்க வேண்டும். தேங்காய் நார்த்தூள் மிதக்கும், மண்புழு உரத்தை அள்ளிப் போட்டால் தண்ணீர் பச்சையாகும். நன்றாக மக்கிய சாணத்தூள் இரண்டு கைப்பிடி அடியில், அதன்மேல் களிமண், மேலே ஓர் அங்குலம் மணல். கிழங்கை நட்டதும் 2 அடி ஆழத்தில் இறக்காதீர்கள். செங்கல் அடுக்கி, நீர்மட்டத்துக்கு அரை அடி கீழே வைத்து, இலை வர வர ஒவ்வொரு செங்கலாக எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து மண் மாற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் தாமரை சோர்ந்து இலை கருகுவது இயல்பு, செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள்.

14. ஷீட் ஓரம் அசிங்கமாத் தெரியுது. கரையை எப்படி அழகு பண்றது?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அவசரப்பட்டால் கெட்டுப்போவதும் இதுதான். ஷீட்டின் ஓரத்தைக் கரையில் ஓர் அடிக்கு மடித்துப் புதைத்து, மேலே தட்டைக் கற்களைத் தண்ணீரின் பக்கம் 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்குமாறு அடுக்குங்கள். அந்த நீட்டலின் நிழலில் ஷீட் மறையும், வெயிலும் படாது. எல்லாக் கல்லும் ஒரே அளவில் வரிசையாக இருந்தால் பாத்திக்கு வரம்பு கட்டியது மாதிரி தெரியும். பெரியது ஒன்று, சின்னது மூன்று என்று கலந்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைந்திருக்கும்படி வையுங்கள். சுற்றிலும் கல் போடாமல் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கூழாங்கல் சரிவு, மீதி செடி என்று விட்டால் இயல்பாக இருக்கும்.

தண்ணீருக்குள் இருக்கும் படியில் வசம்பு, நீர்ப்பிரமி, கோரை, சேம்பு. ஈரக் கரையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. இரண்டும் கல் இடுக்கில் படர்ந்து ஷீட்டை மூடுவதோடு சமையலுக்கும் ஆகும், மருந்து தெளிக்காத குளமென்றால். சற்றுத் தள்ளி பொடுதலை படரவிடுங்கள், அதன் சின்னப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும். மண் கொட்டிய மேட்டின் வெளிச்சரிவில் வெட்டிவேர் நட்டால் மழையில் கரையாது. பின்னணிக்குக் கல்வாழை. உயரமான செடிகளை நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

சம்பு வேண்டாம். அதன் கிழங்கு முனை ஷீட்டைத் துளைக்கும். மூங்கிலும் அப்படித்தான். வெங்காயத்தாமரையை ஆசைக்குக்கூட எடுத்து வராதீர்கள், தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடியிருப்பது அதுதான்.

15. மோட்டார், ஃபில்டர் எல்லாம் கட்டாயமா?

கப்பியும் அல்லியும் உள்ள குளத்துக்குக் கட்டாயமில்லை. மீன் அதிகமென்றால் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் சுழலும் அளவுக்கு மோட்டார் வாங்குங்கள். நம் குளத்துக்கு மணிக்கு 1,500 லிட்டர். 40 வாட் மோட்டார் நாள் முழுவதும் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். தண்ணீரில் மின்சாரம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது. குளத்தில் கைவிடுமுன் சுவிட்சை அணைப்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் பழக்கமாகட்டும். நீரூற்று அல்லி இலைமேல் தெளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லிக்கு அது ஆகாது.

16. காலையில எந்திரிச்சுப் பார்த்தா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. பசியா?

பசியில்லை, மூச்சுத் திணறல். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில் அதன் அளவு மிகவும் குறைந்துவிடும். இந்த நேரத்தில் தீனி போட்டால் நிலைமை மோசமாகும்.

உடனடியாக ஒரு வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், அல்லது மோட்டாரை ஓட்டுங்கள். பிறகு மீன் எண்ணிக்கையைக் குறையுங்கள், அழுகும் இலையை எடுங்கள். மோட்டாரை நம்பியிருக்கும் குளமென்றால் மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது அவசியம்.

17. தவளை வந்தா பாம்பு வருமே?

வரலாம். பெரும்பாலும் வருவது நீர்க்கோலி. விஷமில்லை, சீண்டினால் கடிக்கும். நல்ல பாம்பும் தவளையையும் எலியையும் தேடி வரக்கூடும். ஆனால் குளம் இல்லாத கொல்லையிலும் விறகுக் குவியல், எலி வளை இருந்தால் அது வந்திருக்கும். குளத்தைச் சுற்றி நடக்கும் பக்கம் 3 அடிக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள். கற்களை இடைவெளி விட்டுக் குவிக்காமல் மண் நிரப்பி அடுக்குங்கள். மீன் தீனியைச் சிந்தவிட்டால் எலி வரும். இரவில் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப்போடவோ கீறிவிடவோ கூடாது, நேரத்தைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

18. தண்ணி குறைஞ்சுகிட்டே போகுது. வெயிலா, ஓட்டையா?

ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்தின் படியில் பாதி மூழ்குமாறு வையுங்கள். வாளியிலும் குளத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, மோட்டாரை அணைத்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில். அளவு என்ன என்று 9-வது கேள்வியில் உள்ளது. குளத்தில் மட்டும் அதிகம் குறைந்தால் ஓட்டை.

ஓட்டையைத் தேடிக் குளத்தைக் காலி செய்ய வேண்டாம். தண்ணீர் தானாக எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தைச் சுற்றித்தான் இருக்கும். கரைச் செடியின் வேரோ சாக்கோ தண்ணீரை உறிஞ்சி வெளியே இழுப்பதும் உண்டு, ஷீட் ஓரம் எங்கேயாவது மடிந்து தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உண்மையிலேயே ஓட்டைதான் என்றால் அந்த ஷீட் வகைக்குரிய ஒட்டுத்துண்டை, நன்றாகக் காயவைத்துச் சுத்தம் செய்தபிறகு ஒட்டுங்கள்.

19. நல்ல மழை பெஞ்சதும் ஷீட் அடியிலிருந்து பலூன் மாதிரி மேல வந்துடுச்சு! என்ன இது?

டெல்டாவிலும் கடலோரத்திலும் தாழ்வான இடங்களிலும் வரும் பிரச்சினை. நிலத்தடி நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு மேலே ஏறிவிட்டது, அது ஷீட்டைத் தூக்குகிறது. குத்திவிடாதீர்கள். ஷீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு குழாயை விட்டு அடித்தண்ணீரை இறைத்துவிட்டு, குளத்தை விளிம்புவரை நிரப்புங்கள். மழைக்காலத்தில் அந்தக் குளத்தைக் காலி செய்யக் கூடாது. இப்படிப்பட்ட இடத்தில் புதிதாக அமைப்பவர்கள் ஓர் அடி மட்டும் தோண்டி, மீதி ஓர் அடியைச் செங்கல் சுவராகத் தரைக்கு மேலே எழுப்பிக்கொள்வது நல்லது.

20. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரை எங்க குளத்துலயே கரைக்கலாமா?

வண்ணம் பூசியது கூடவே கூடாது. பச்சைக் களிமண்ணானாலும் சின்னக் குளத்தில் கரைத்தால் சேறு மீனின் செவுளை அடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். தெளிந்தபின் அடியில் தங்கும் களிமண் அல்லித் தொட்டிக்கு அருமையான மண். பூ, குங்குமம், பால் எதையும் குளத்தில் விடாதீர்கள்.

21. ஆமை விடலாமா? அப்புறம், கப்பி ஏகத்துக்குப் பெருகிடுச்சு, பக்கத்து ஏரியில விட்டுடட்டுமா?

இரண்டுக்கும் கூடாது என்பதே பதில். பாலாமை, நட்சத்திர ஆமை இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது. சின்னதாக வாங்குவார்கள், தட்டளவு வளர்ந்ததும் கொண்டுபோய் ஏரியில் விடுவார்கள். அங்கே அது நம் ஆமைகளின் இடத்தைப் பிடிக்கும்.

கப்பியும் வெளிநாட்டு மீன்தான். நாம் வளர்ப்பது நம் கரைக்குள்ளேயே இருக்க வேண்டும். கூடுதலானவற்றைக் குளம் வைத்திருக்கும் வேறொருவருக்கோ வண்ண மீன் கடைக்கோ கொடுங்கள். மீன்கொத்தியும் மடையானும் வரத் தொடங்கினால் எண்ணிக்கை தானே குறையும், அவற்றை விரட்ட வேண்டாம். கழித்த நீர்ச்செடியைச் சாக்கடையில் போடாமல் வெயிலில் காயவைத்து உரக்குழிக்கு அனுப்புங்கள். உபரி நீர்க் குழாயின் வாய்க்கு வலை கட்டச் சொன்னது இதற்காகவும்தான்.

22. மூணு வருஷம் ஆச்சு. தூர் வாரணுமா?

அடியில் 3 அங்குலத்துக்கு மேல் கரும்சகதி சேர்ந்து, கிளறினால் நாற்றக் குமிழி வந்தால் வார வேண்டும். பங்குனியில், தண்ணீர் குறைவாக இருக்கும்போது. மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை டிரம்களில் எடுத்து மீன்களை அதில் விட்டு நிழலில் வையுங்கள். மண்வெட்டி ஷீட்டைக் கிழிக்கும், பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள். எல்லாவற்றையும் வழித்து எடுக்காமல் ஒரு மூலையை அப்படியே விடுங்கள். தட்டான் புழுவும் நத்தையும் பாக்டீரியாவும் அங்கிருந்துதான் மறுபடி பரவும். அள்ளிய சகதியைக் கரையிலேயே ஓர் இரவு வைத்தால் அதிலுள்ள உயிர்கள் பெரும்பாலும் தண்ணீருக்குத் திரும்பிவிடும். மறுநாள் அதை வாழைக்கும் தென்னைக்கும் போடுங்கள். டிரம்மில் வைத்த பழைய தண்ணீரை ஊற்றி, மீதியைப் புதுத் தண்ணீரால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.